நாற்காலியைச் சுற்றி ஒரு தேய்மானம்

தரைக்குப் பாலிஷ் போடும் அந்த மனிதரைக் கடைத்தெருவில் எல்லாரும் 'மெழுகு' என்றே கூப்பிடுகிறார்கள். அவர் பூசுவது மெழுகே இல்லை. பால் மாதிரி வெள்ளையாக இருந்து, காய்ந்ததும் கண்ணாடியாகிவிடும் ஒரு திரவம். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது போனை எடுத்ததும் அவரே "மெழுகு பேசறேன்" என்கிறார். மருந்துக்கடை, பல் டாக்டர் அறை, டியூஷன் சென்டர், டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஆபீஸ் என்று அந்தத் தெருவின் சின்னத் தரைகள் எல்லாம் அவர் கையில்தான். அவற்றில் மிக நன்றாக வந்த தரை எது என்று கேட்டால், யோசிக்காமல் சலூன் என்பார். செய்யாமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கிற வேலை எது என்று கேட்டாலும் அதே சலூன்தான்.

சின்னக் கடைகளில் பெரும்பாலும் வினைல் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். கல்லைவிட மலிவு. ஒன்று பெயர்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்கென்று சொந்தமாகப் பளபளப்பு கிடையாது, மேலே பூசுவதுதான் எல்லாம். அந்தப் பூச்சு தேயத் தேய, ஆட்கள் நடக்கிற பாதை தரையில் விழுந்துவிடும். வாசலிலிருந்து கல்லாவுக்கு ஒன்று, கல்லாவிலிருந்து அலமாரிக்கு ஒன்று. ஆளில்லாத கடைக்குள் போய் ஒரு பார்வை பார்த்தால் போதும், இங்கே யார் நடக்கிறார், யார் உட்கார்ந்தே கிடக்கிறார் என்று மெழுகு சொல்லிவிடுவார். மருந்துக்கடையில் புதிதாகச் சேர்ந்தவர், காலையிலிருந்து நின்று நின்று கால் வீங்கிவிட்டது என்று முதலாளியிடம் அளந்துகொண்டிருந்தபோது, ஸ்டூலுக்கு முன்னால் இரண்டு குதிகால் அளவுக்கு மட்டும் தேய்ந்திருந்த தரையைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு வாளியோடு வெளியே போய்விட்டாராம்.

வேலை என்னவோ பொறுமை கேட்கிற வேலை. பழைய பூச்சைக் கரைக்கும் மருந்தை ஊற்றி, அது ஊறும்வரை காத்திருந்து, மெஷினை ஓட்டி, கறுத்த தண்ணீரை உறிஞ்சி எடுத்து, நல்ல தண்ணீரால் இரண்டு தரம் அலசி, காயவிட வேண்டும். அப்புறம்தான் புதுப் பூச்சு. மெல்லிசாக, ஒன்று காய்ந்த பிறகு இன்னொன்று. உள்மூலையில் ஆரம்பித்துப் பின்பக்கமாகவே நடந்து வந்து வாசலில் முடிக்க வேண்டும். பழக்க தோஷத்தில் வீட்டிலும் ஈரத் தரை என்றால் பின்பக்கமாகத்தான் நடப்பார். இந்த மனுஷன் வீட்டுக்கு வர்றாரா, வீட்டைவிட்டுப் போறாரா என்று தனக்கே தெரிவதில்லை என்பாள் அவர் மனைவி. எல்லாம் முடிந்ததும் கன்னத்தைத் தரையோடு ஒட்டவைத்து, வெளிச்சம் வரும் திசையைப் பார்த்துப் படுப்பார். எங்காவது மங்கலாகத் தெரிந்தால் எழுந்து போய் அந்த இடத்தைச் சரிசெய்வார். ஒருமுறை பல் டாக்டரின் நர்ஸ், யாரோ மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்துத் தண்ணீர் தெளித்துவிட்டாள். தண்ணீர் பட்ட இடத்தை மறுபடி பூச வேண்டியிருந்தது.

இந்தத் தொழிலில் வாடிக்கையாளர் வாயிலிருந்து அடிக்கடி வரும் ஒரு வாக்கியம் உண்டு. "சும்மா துடைச்சு விட்டாப் போதும்." டியூஷன் சென்டர் டீச்சர் அப்படிச் சொன்னதை நம்பி, மெழுகு ஒருமுறை உண்மையாகவே துடைத்து மட்டும் விட்டுவிட்டு வந்தார். மறுநாள் போன். ஓரமெல்லாம் கறுப்பாக இருக்கிறது, துடைக்க எனக்குத் தெரியாதா, இதற்கா உங்களைக் கூப்பிட்டேன் என்று அரைமணி நேரம் வகுப்பு எடுத்துவிட்டார். அன்றைக்கு மெழுகு ஒரு முடிவுக்கு வந்தார். துடைத்தால் போதும் என்று சொல்கிறவர்கள் கூச்சத்தில் சொல்கிறார்கள், நாமாகப் புரிந்துகொண்டு முழு வேலையையும் செய்துவிட வேண்டும். அதன் பிறகு அப்படித்தான் செய்தார். ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை.

சலூன்காரரை அவர் அண்ணன் என்று கூப்பிடுவார். அவரைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒரே ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, கைகழுவும் தொட்டி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. அவ்வளவுதான் கடை. சலூன்காரருக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கால் சரியாக ஊன்றாது. இழுத்துத்தான் நடப்பார். நாற்காலியைச் சுற்றிச் சுற்றி முடிவெட்டுகிறவர் என்பதால், அந்தக் கால் இழுபட்ட இடமெல்லாம் அரைவட்டமாகப் பூச்சு போய்விடும். போதாததற்கு நறுக்கிய முடித்தூள் வேறு. செருப்புக்கு அடியில் அது உப்புத்தாள் மாதிரி தரையைத் தேய்க்கும். மற்ற கடைகளில் மாதக்கணக்கில் நிற்கிற பளபளப்பு, அந்த அரைவட்டத்தில் இரண்டு வாரம் நிற்காது.

இதை வைத்து இருவருக்கும் ஓயாத சண்டை. சலூன்காரர், உன் சரக்கு டூப்ளிகேட், என் ஒரு காலுக்கே தாங்கவில்லை, ரெண்டு காலும் நல்லா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பே என்று சீண்டுவார். மெழுகு, அது தரை அண்ணே, வயல் இல்ல, நீங்க ஏர் ஓட்டி உழறீங்க என்பார். ஒரு தடவை ரப்பர் விரிப்பு ஒன்றை வாங்கிவந்து நாற்காலியைச் சுற்றிப் போட்டார். அதன் விளிம்பில் கால் தட்டுகிறது என்று சலூன்காரர் அதைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டார். பிறகு மெழுகு அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு பூச்சு கூடுதலாகப் போட்டுப் பார்த்தார். அதுவும் தேய்ந்தது. தன் கையெழுத்தின் மேல் யாரோ கிறுக்கியதுபோல அவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. சண்டை முடிந்ததும் அதே நாற்காலியில் உட்கார்ந்து முடிவெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

சலூன்காரர் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. கடை பூட்டப்பட்டது. வாடகைக்குக் கேட்டு இரண்டு மூன்று பேர் வந்தார்கள். சலூன்காரரின் மனைவி யாருக்கும் கொடுக்கவில்லை. மெழுகுக்கு அவர் அண்ணி. அதிர்ந்து பேசாதவர், எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லமாட்டார். மகள் ஒரு பெரிய பார்லரில் முடிவெட்டிக்கொண்டிருந்தாள். அந்த வேலையை விட்டுவிட்டு அப்பாவின் கடையைத் தானே திறக்கிறேன் என்று அம்மாவிடம் மாதக்கணக்கில் மன்றாடினாள். கடைசியில் அண்ணி ஒத்துக்கொண்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு. உள்ளே எதையும் மாற்றக்கூடாது.

அந்த நிபந்தனை மெழுகுக்கும் தெரியும். மகள்தான் சொன்னாள். நாற்காலியை மாற்றவிடமாட்டேன் என்கிறார், ரசம் போன கண்ணாடியைக்கூடத் தொடவிடமாட்டேன் என்கிறார், நீங்களாவது சொல்லுங்க சித்தப்பா என்று குறைப்பட்டுக்கொண்டாள். நாற்காலி, கண்ணாடி என்றுதான் அவர் காதில் விழுந்தது. தரையையும் ஒரு பொருளாக யாராவது நினைப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. தரை என்பது அவரைப் பொறுத்தவரை மேலே இருப்பதை எல்லாம் அவ்வப்போது எடுத்துவிட்டுப் புதிதாக்கிக்கொள்ளும் ஒன்று.

சாவியை அண்ணியே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். "தூசி நிறைய இருக்கு தம்பி. சும்மா துடைச்சு விட்டாப் போதும். மெஷின் எல்லாம் வேண்டாம்."

மெழுகு தலையாட்டினார். பாவம், கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டார். அவர் மெஷினைத் துடைத்து வண்டியில் ஏற்றுவதைப் பார்த்த மனைவி, அண்ணி வேண்டாம்னு சொன்னாங்களே என்றாள். அண்ணி அப்படித்தான் சொல்வாங்க, நாம அப்படியே விட்டுட முடியுமா, அண்ணன் கடை என்றார் மெழுகு. சொன்னதை மட்டும் செய்துவிட்டு வரக்கூடாதா என்று அவள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். வண்டி கிளம்பிவிட்டது.

தெருவுக்கு வார விடுமுறை நாள். ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு, காலையிலேயே ஆரம்பித்தார். கூலி வாங்கும் எண்ணம் இல்லை, அதனால் கணக்குப் பார்க்காமல் செய்தார். பெஞ்சை வெளியே தூக்கிப் போட்டார். நாற்காலி தரையோடு போல்ட் போட்டு முடுக்கியது, அதைச் சுற்றி மண்டியிட்டுக் கையாலேயே தேய்த்தார். ஓரங்களில் வருஷக்கணக்காக மஞ்சளித்துப் போயிருந்த பூச்சைப் பிளேடால் சுரண்டினார். சாயம் சிந்திய கறைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். அரைவட்டத்தில் மருந்து ஊற்றி ஊறவிட்டபோது, நனைந்த தரை ஒரே மாதிரி மின்னியது. தேய்மானம் கண்ணுக்கே தெரியவில்லை. மெஷின் ஓடியதும் அங்கிருந்துதான் அதிகமாகக் கறுப்புத் தண்ணீர் வந்தது. அதை உறிஞ்சி எடுத்துக் கடைக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் ஊற்றினார்.

ஐந்து பூச்சு. அரைவட்டத்தில் ஏழு. இந்தத் தடவை கெடுக்க ஒரு கால் இல்லை என்ற நினைப்பு அவருக்கு வந்தது. கொஞ்ச நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை ஒரு மங்கல் இல்லை. ஜன்னல் கம்பிகள் ஒவ்வொன்றும் தரையில் நேராக விழுந்திருந்தன. வழக்கம்போல ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அண்ணியும் மகளும் வந்தார்கள். மெழுகு முன்னாலேயே வந்து, ஷட்டரைத் திறந்துவைத்து, பெஞ்சைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டு, வாசலுக்கு வெளியே நின்றார். பாராட்டை எதிரில் நின்று வாங்கிக்கொள்ளக் கூச்சப்படுகிற ஆள். மகள் உள்ளே எட்டிப்பார்த்ததும், சித்தப்பா, இது நம்ம கடைதானா என்றாள். அண்ணி செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார். நாற்காலியின் வலதுபக்கம் நின்றார். இடதுபக்கம் வந்தார். குனிந்தார். எதையோ தவறவிட்டவர் தேடுவதுபோல மறுபடியும் ஒரு சுற்று வந்தார்.

"அவர் நின்ன இடம் எங்க தம்பி?"

மெழுகுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததாக நினைத்துக்கொண்டு உற்சாகமாக உள்ளே வந்தார். அதை முழுசா எடுத்தாச்சு அண்ணி, அங்க மட்டும் ஏழு கோட்டிங், இனிமே தெரியவே தெரியாது என்றார். சொல்லி முடிக்கும்போது மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. இந்தக் கடையைத் திறக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்று மட்டும் மகளிடம் மெதுவாகச் சொன்னார். மகள் மெழுகை வெளியே அழைத்துவந்து விஷயத்தைச் சொன்னாள். கடை பூட்டியிருந்த மாதங்களில் அம்மா அடிக்கடி இங்கே வருவாராம். ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே நுழைந்து, இதே பெஞ்சில் உட்கார்ந்து, நாற்காலியைச் சுற்றி அப்பாவின் கால் இழுபட்டிருந்த தடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். அப்பா இங்கேதான் திரும்புவார், இங்கேதான் நின்று சீப்பை உதறுவார் என்று தடத்தை வைத்தே சொல்வாராம். நானே அதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன், அதனால்தான் அம்மா உங்களிடம் காரணத்தைச் சொல்லக் கூச்சப்பட்டிருப்பார் என்றாள்.

மெழுகு அந்த இடத்திலேயே நின்றார். கை மட்டும் சட்டையில் தானாகத் துடைத்துக்கொண்டே இருந்தது. பூசியதை எடுக்க முடியும் இல்லையா, அந்த இடத்தில் மட்டும் எடுத்துவிட்டால் திரும்ப வந்துவிடாதா என்று மகள் கேட்டாள். அவளுக்கு அம்மாவும் வேண்டும், கடையும் வேண்டும். பழைய தேய்மானம் பூச்சோடு போய்விட்டது, அழுக்கோடு போய்விட்டது, சாக்கடையில் போய்விட்டது என்று மெழுகுக்குத் தெரியும். ஆனாலும் முடியாது என்று அந்த வாசலில் நின்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பண்ணித் தரேம்மா என்றார்.

வண்டியிலிருந்து தேய்க்கும் நார்ப் பேட் ஒன்றையும் மருந்தையும் எடுத்துவந்து நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். எங்கே ஆரம்பிப்பது? கண்ணாடிப் பக்கத்திலிருந்து என்றார் அண்ணி. அவர் குரலில் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது, அதுதான் மெழுகை மேலும் வதைத்தது. இல்லம்மா, கண்ணாடிவரை போகாது, தொட்டிப் பக்கம்தான் ஆழமாக இருக்கும் என்றாள் மகள். இருவரும் மெழுகைப் பார்த்தார்கள். வருஷக்கணக்காக அந்தத் தரையைக் கையால் தொட்டவர் அவர் ஒருவர்தான்.

அவருக்கு ஞாபகம் வரவில்லை. அந்த இடத்துக்கு எந்த பேட் போட்டார் என்று ஞாபகம் இருந்தது. எத்தனை பூச்சு, எவ்வளவு மருந்து என்று ஞாபகம் இருந்தது. அந்தக் கோடு வெளிப்பக்கம் வளையுமா, நாற்காலியை ஒட்டிப் போகுமா என்பது மட்டும் மனதில் வரவே இல்லை. அதை ஒரு நாளும் அவர் பார்த்ததில்லை. எப்படி ஒழிப்பது என்றுதான் பார்த்திருக்கிறார்.

மகள் போனை எடுத்துத் தேடினாள். கடையில் எடுத்த போட்டோக்கள் ஏராளம். எல்லாம் தலைகள். புதிதாக வெட்டிய தலை, சிரிக்கும் தலை, கண்ணாடியில் தெரியும் தலை. அப்பாவின் இடுப்புக்குக் கீழே ஒரு படம்கூட இல்லை. மெழுகின் போனில் அந்தத் தரையே நிறைய இருந்தது. புது வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக எடுத்து வைத்தவை. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். எல்லாமே வேலை முடிந்த கையோடு எடுத்த படங்கள். ஒன்றிலும் ஒரு கீறல் கிடையாது. போனை யாரிடமும் காட்டாமல் பையில் போட்டுக்கொண்டார்.

அண்ணி சொன்ன இடத்திலிருந்தே ஆரம்பித்தார். மெதுவாக, ஒரு கை அகலத்துக்குத் தேய்த்துக்கொண்டே போனார். பூச்சு கரைந்து, மங்கலான ஒரு பட்டை நாற்காலியைச் சுற்றி வந்தது. ஈரத்தைத் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். பட்டை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே சீராக இருந்தது. அவர் கை அப்படி. கோணலாகத் தேய்க்க அதற்குத் தெரியாது.

அண்ணி எழுந்துவந்து பக்கத்தில் நின்று பார்த்தார். கட்டைவிரலால் ஒரு இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இது நீங்க தேய்ச்சது தம்பி. அவர் தேய்ச்சது இல்ல." விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு சொன்னார், "விட்டுடுங்க. இதையும் பழையபடி பளபளன்னு பண்ணிடுங்க. அவ கடையைத் திறக்கட்டும்."

கடையைத் திறக்கட்டும் என்றதும் மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வெளியே போய் நின்றார்கள். மெழுகு பட்டையின் மேல் மறுபடி பூசினார். அன்றைக்குப் பூச்சு காய வெகுநேரம் ஆனதுபோல இருந்தது. கிளம்பும்போது அண்ணி அவரிடம் வந்து, தப்பு உங்க மேல இல்ல, நான் காரணத்தைச் சொல்லியிருக்கணும் என்றார். அவர் திட்டியிருந்தால் மெழுகு தாங்கியிருப்பார். காரணம் சொல்லவில்லையே தவிர, வேண்டாம் என்று அண்ணி தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது அவர் மனைவி எதுவும் குத்திக்காட்டவில்லை. சாப்பிட்டுவிட்டு அப்புறம் பேசலாம் என்றாள். அப்புறமும் பேசவில்லை.

இப்போதெல்லாம் எந்தக் கடையிலும் மருந்தை ஊற்றுவதற்கு முன், இங்கே ஏதாவது அப்படியே இருக்கட்டுமா என்று மெழுகு கேட்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர், எதை விட்டுவைக்கச் சொல்றீங்க, அழுக்கையா என்றார். டியூஷன் டீச்சர், ஓரத்தை விட்டுடலாம்னு பார்க்கறீங்களா என்று முறைத்தார். மெழுகு விளக்கம் சொல்வதில்லை. உண்டு, இல்லை என்று ஒரு பதில் வரும்வரை வாளியைத் தொடாமல் நிற்கிறார்.

சலூன் நன்றாக ஓடுகிறது. மகள் மாதம் ஒருமுறை போன் பண்ணிக் கூப்பிடுகிறாள், அவரும் போகிறார். மற்ற நாட்களில் மத்தியானம்வரை கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அண்ணி, அவர் வருகிற நாளில் மட்டும் வருவதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி என்கிறாள் மகள். கோபமெல்லாம் இல்லை சித்தப்பா என்கிறாள், அவர் கேட்காமலே. வேலை முடிந்ததும் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் தரையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சந்தோஷமாகச் சொல்கிறாள். அப்படியா என்று கேட்டுக்கொள்கிறார். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லச் சொல்லிவிட்டு, மெஷினின் வயரைச் சுருட்ட ஆரம்பிக்கிறார்.